அப்பாவின் இரண்டு மனுக்கள்

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எல்லாமே சுலபம். "நாங்க மிடில் கிளாஸ்" என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். கார் வைத்திருப்பவனும் அதைத்தான் சொல்கிறான், பஸ் படிக்கட்டில் தொங்குகிறவனும் அதைத்தான் சொல்கிறான். நமக்கெல்லாம் அப்படியா இருந்தது? டிராமில் போய்வந்த நம் தலைமுறைக்கு, எதிர் வீட்டுக்காரர் எந்தப் படியில் நிற்கிறார், நாம் எத்தனை படி கீழே நிற்கிறோம் என்று நினைக்காமல் ஒரு நாள்கூட விடிந்ததில்லை. எங்கள் வீட்டில் அந்தப் படிகளுக்கெல்லாம் பெயர்கள் இருந்தன. அத்தனையும் இங்கிலீஷ் பெயர்கள். அந்தப் பெயர்களால்தான் எங்கள் அக்காவின் வாழ்க்கை கெட்டது. உங்களிடம் சொல்வதற்கென்ன, என்னாலும் கெட்டது.

அப்பா சாந்தோம் பக்கம் மாதா கோயிலைச் சேர்ந்த ஒரு பங்குப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியார். அவரிடம் சிவப்புத் துணி அட்டை போட்ட தடி டிக்ஷனரி ஒன்று இருந்தது. மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகமாக வாங்கியது. திறந்தால் அந்துருண்டை வாசனையும் யாரோ வெள்ளைக்காரனின் சுருட்டு வாசனையும் சேர்ந்து வரும். அதை அவர் வேதப் புத்தகத்துக்கு அடுத்தபடியாக வைத்திருந்தார். கை கழுவாமல் தொட்டால் அடி விழும். பின்னாளில் அதையும் எடைக்குத்தான் போட்டோம். யார் வாங்கிப் போனான் என்றுகூட நினைவில்லை.

சாயங்காலம் கோயில் மணி அடித்ததும் அப்பா என்னையும் அக்காவையும் கடற்கரைச் சாலைக்குக் கூட்டிப் போவார். எனக்கு ஒன்பது வயது. அக்காவுக்குப் பதினைந்து. சாலையில் போகிறவர் வருகிறவரைக் காட்டி, "இவரை என்ன சொல்லலாம்?" என்று கேட்பார். மோட்டாரில் போகிறவர் அஃப்ளுயென்ட். சரிகைத் தலைப்பாகையோடு லஸ் பக்கமிருந்து காற்று வாங்க வரும் வக்கீல் வெல்-டு-டு. 'ரிச்' என்று சொன்னால் அப்பாவுக்குப் பிடிக்காது, அது சந்தைக்கடை வார்த்தையாம். கீழே இறங்க இறங்க ஹம்பிள், நீடி, இண்டிஜென்ட். எல்லாவற்றுக்கும் அடியில் டெஸ்டிட்யூட். அதைச் சொல்லும்போது மட்டும் அப்பா இரண்டு கைகளையும் விரித்துக் காட்டுவார். ஒன்றுமே இல்லாதவன், ஏனென்று கேட்க ஆளும் இல்லாதவன் என்று அர்த்தம் சொல்வார்.

ஒரு நாள் அக்கா கேட்டாள், "நம்மளை என்ன சொல்லலாம்பா?"

"ரெஸ்பெக்டபிள்" என்றார் அப்பா. கேள்விக்காகவே காத்திருந்தவர் மாதிரி சொன்னார்.

"அது பணத்தைச் சொல்ற வார்த்தை இல்லையே."

"பணத்தைச் சொல்லாம இருக்கறதுக்குத்தாம்மா அந்த வார்த்தை."

அக்கா சிரித்துவிட்டாள். அவளுக்குக் கெட்டிக்காரச் சிரிப்பு, மூக்கு முதலில் சுருங்கும். அப்பாவும் சிரித்தார். நானும் எதற்கென்று தெரியாமல் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது எனக்கு ஆத்திரமாகத்தான் வருகிறது.

அக்கா கான்வென்டில் ஃபோர்த் ஃபாரம் படித்துக்கொண்டிருந்தாள். வகுப்பில் முதல். எஸ்.எஸ்.எல்.சி. முடித்து டீச்சர் டிரெயினிங் போகவேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு பேச்சே கிடையாது. தலை வாரும்போதும் பூகோளத்தை ஒப்பிப்பாள். ஐரோப்பா நதிகளின் பெயர்களை நான் கற்றுக்கொண்டதே பின்னலுக்கு ரிப்பன் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான்.

யுத்தம் நடந்த சமயம். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பாதிப் பட்டணம் காலியானது உங்களுக்கு ஞாபகமிருக்கும். அப்பாவின் பள்ளிக்கூடத்தை மாதக்கணக்கில் மூடினார்கள். திறந்தபோது பாதிப் பிள்ளைகள் திரும்பி வரவில்லை. அப்பாவுக்கும் பாதிச் சம்பளம்தான் என்று பள்ளிக்கூடத்தை நடத்திய கோயில் சாமியார் சொல்லிவிட்டார். வீட்டிலிருந்து சாமான்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போக ஆரம்பித்தன. முதலில் அம்மாவின் தையல் மெஷின் போனது. அது நின்றிருந்த இடத்தில் தரை மட்டும் வெளுப்பாக, சதுரமாகத் தெரியும். அம்மா அங்கே ஒரு பாயைச் சுருட்டி வைத்தாள். அப்புறம் வெண்கலப் பானை, சுவர்க் கடிகாரம். காலையில் கேழ்வரகுக் கூழ், ராத்திரிக்குப் புழு வாடை அடிக்கும் ரேஷன் அரிசி. ஆனால் அப்பா வெளியே கிளம்பினால் கறுப்புக் கோட்டு இல்லாமல் கிளம்பமாட்டார். கையோரத்தில் நூல் பிரிந்து வெள்ளை தெரிந்தால் அம்மா மசிக்கூட்டில் விரலைத் தோய்த்து அந்த இடத்தைக் கறுப்பாக்கிக் கொடுப்பாள்.

அந்த வருஷக் கடைசியில் கான்வென்டிலிருந்து ஒரு சேதி வந்தது. ஃபிஃப்த் ஃபாரம் போகிற பெண்களில் ஒருத்திக்கு மட்டும் எஸ்.எஸ்.எல்.சி. வரை இலவசப் படிப்பு. மனு எழுதித் தரவேண்டும், வீட்டை வந்து பார்ப்பார்கள். தியாகராய நகரில் பெரிய பங்களா வைத்திருந்த ஒரு அம்மாள் அந்தத் தர்மத்தைச் செய்கிறாள் என்றார்கள். அக்காவுக்கு அது கிடைக்காவிட்டால் படிப்பு நின்றுபோகும். வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

முதலில் மனு எழுதச் சொல்லி வந்தது எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அம்மாதான். அவள் புருஷன் அதற்கு முந்தின வருஷம் துறைமுகத்தில் மூட்டை சரிந்து செத்துப்போனான். அவன் சம்பாத்தியத்தில் கான்வென்டில் சேர்ந்த மகள், அக்கா வகுப்பிலேயே படித்தாள். அக்காவிடம்தான் கணக்கு கேட்டுக்கொள்வாள். அந்தத் தெருவில் யாருக்கு இங்கிலீஷ் மனு வேண்டுமானாலும் அப்பாதான். காசு வாங்கமாட்டார். மனு எழுதுவதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை.

அன்றைக்கும் கோட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து எழுதினார். எழுதி முடித்ததும் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். டெஸ்டிட்யூட் என்ற இடம் வந்ததும் வழக்கம்போல இரண்டு கைகளையும் விரித்தார். மீன்காரம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு அவரையே பார்த்தாள்.

"இன்னா வாத்யாரே, அவ்ளோ மோசமாவா கீது எங்க நெலம?"

"அப்படி எழுதினாத்தாம்மா அவங்களுக்குப் புரியும்."

அவள் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். "சரி, எய்து வாத்யாரே. வார்த்த இன்னா பண்ணப் போவுது என்னிய? எம் பொண்ணு படிச்சா போதும்." அப்புறம் குரலைத் தாழ்த்தி, "உம் பொண்ணும் கேக்குதாமே?" என்றாள்.

"கேக்கட்டும். யாருக்குத் தரணும்னு கான்வென்ட் மதருக்குத் தெரியும்" என்றார் அப்பா. அக்கா வகுப்பில் முதல் என்பதால் அதை அவ்வளவு தைரியமாகச் சொன்னார். மீன்காரம்மா நான்கு காரப்பொடி மீனை எங்கள் சட்டியில் போட்டுவிட்டுப் போனாள். வேண்டாமென்று அம்மா ஒரு தடவைதான் சொன்னாள்.

மறுநாள் அப்பா எங்கள் மனுவை எழுத உட்கார்ந்தார். அதற்கு மூன்று காகிதம் வீணானது. டிக்ஷனரியைப் புரட்டுவார், எழுதுவார், அடிப்பார். நல்ல வார்த்தைகளாகத்தான் தேடிப் பிடித்தார். நாங்கள் ரெஸ்பெக்டபிள் ஃபேமிலி, தலைமுறை தலைமுறையாக ஆசிரியர் பணியில் இருப்பவர்கள், தற்சமயம் டெம்பரரிலி ஸ்ட்ரெய்டென்ட் சர்க்கம்ஸ்டன்ஸஸ். கொஞ்ச காலத்துக்குக் கை இறுக்கம், அவ்வளவுதான் என்று அர்த்தம். அந்த மூன்று வார்த்தைகளையும் நான் மூச்சுவிடாமல் சொல்லிப் பழகிக்கொண்டேன்.

அக்கா அவர் தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள். "அப்பா, 'வீ ஆர் புவர்'னு ஒரு வரி எழுதுங்க. அது போதும்."

அப்பா பேனாவைக் கீழே வைத்தார். "நாம புவர் இல்ல."

"அப்ப காலையில என்ன குடிச்சோம்?"

"கஷ்டம் வேற, புவர் வேற. கஷ்டம் வரும், போகும். புவர்னு ஒரு தடவை எழுதிக் கொடுத்துட்டா அது கான்வென்ட் ரிஜிஸ்தர்ல உக்காந்துடும். நாளைக்கு உன்னைக் கேட்டு வர்றவங்க காதுலயும் விழும்."

"மீன்காரம்மாவுக்கு மட்டும் டெஸ்டிட்யூட்னு எழுதினீங்களே?"

"அவங்க நிலமை அதுதானேம்மா."

"அவங்க போட்ட மீனைத்தானேப்பா நேத்து சாப்பிட்டோம்?"

அப்பா எழுந்து கிணற்றடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டார். அம்மா அக்காவைப் பார்த்து, "பெரிய மனுஷி மாதிரி பேசாத. அப்பாவுக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சிடும்?" என்றாள். மனு அப்படியே போனது. தமிழில் கஷ்டம் கஷ்டம் என்று நாள் முழுக்கப் புலம்பிய வீடுதான் அது. இங்கிலீஷில் எழுதினால் மட்டும் அது நிஜமாகிவிடும் என்று பயந்தார்கள். எனக்கு இப்போது அப்படித்தான் தோன்றுகிறது.

அப்புறம் வீட்டைப் பார்க்க வந்தார்கள். எங்கள் கோயில் பங்கில் வெளியாள் வீட்டுக்கு வருகிறார் என்றால் ஒரு வழக்கம் உண்டு. இருக்கிறவர் இல்லாதவருக்குச் சாமான் கொடுத்து உதவுவார்கள். ஒரே மேஜை விரிப்பு கிறிஸ்துமஸ் அன்று ஏழெட்டு வீடு சுற்றிவரும். அன்றைக்கு அம்மா அடுத்த வீட்டு ரயில்வே கார்டின் வீட்டிலிருந்து இரண்டு பிரம்பு நாற்காலி, நீலக் கரை போட்ட மூன்று பீங்கான் கோப்பை, அந்த மேஜை விரிப்பு எல்லாம் வாங்கி வந்தாள். பாயை எடுத்துவிட்டு, தையல் மெஷின் இருந்த வெளுப்பை நாற்காலியால் மறைத்தாள். எங்கிருந்து கொண்டுவந்தாளோ, ஒரு தட்டில் கேக் இருந்தது. ஒருத்தர்கூட, அப்பாகூட, நாம் எதற்காக அவர்களை வரச் சொன்னோம் என்று நினைத்துப் பார்க்கவில்லை. பிச்சை கேட்கிற வீடு பிச்சைக்கார வீடாகத் தெரியக்கூடாது என்பதிலேயே எல்லோருக்கும் புத்தி போயிருந்தது. அக்கா இருந்திருந்தால் விட்டிருக்கமாட்டாள். அது பள்ளிக்கூட நேரம். எனக்கு மட்டும் கோயிலில் முதல் நற்கருணை வாங்கிய புது நன்மைக்குத் தைத்த வெள்ளை கவுனைப் பிரித்து நீட்டிப் போட்டு, வீட்டில் நிறுத்திவைத்தார்கள்.

வயதான வெள்ளைக்கார மதரும் தியாகராய நகர் அம்மாளும் வந்தார்கள். அந்த அம்மாள் உட்கார்ந்ததும் பட்டுப் புடவையும் சந்தன சோப்பும் கலந்த வாசனை எங்கள் சின்னக் கூடம் முழுக்க நிறைந்தது. கேக்கை ஒரு விள்ளல் எடுத்துக்கொண்டு, கோப்பையைத் திருப்பிப் பார்த்தாள். என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, காலையில் என்ன சாப்பிட்டாய் என்று இங்கிலீஷில் கேட்டாள்.

அம்மா அதற்கெல்லாம் பாடம் சொல்லி வைத்திருந்தாள். "பிரெட் அண்ட் எக், மேடம்" என்றேன் நான். வயிற்றில் கூழ்தான் இருந்தது. அந்த அம்மாள் மதரைப் பார்த்துப் புன்னகை செய்தாள். அம்மா என்னைப் பார்த்துப் புன்னகை செய்தாள். கவுனின் நுனியைப் பிடித்து, முழங்காலை லேசாக மடித்துக் குட் ஆஃப்டர்நூன் சொன்னேன். பூரித்துப் போயிருந்தேன்.

அங்கிருந்து அவர்கள் மீன்காரம்மாவின் குடிசைக்குப் போனார்களாம். அவள் மீன் அலசிக்கொண்டிருந்தாளாம். கையைத் துடைத்துக்கொண்டு, ஒரு பலகையைக் கவிழ்த்துப் போட்டு, "குந்து தாயி" என்றாளாம். வேறு எதுவும் அவள் செய்யவில்லை.

பத்து நாளில் கடிதம் வந்தது. அப்பா நின்றபடியே படித்தார். சொன்னால் நம்புவீர்களா தெரியாது, முதல் பாதி படிக்கும்போது அவர் முகம் மலர்ந்தது. "இத்தகைய கண்ணியமான ரெஸ்பெக்டபிள் குடும்பத்தைச் சந்தித்ததில் மகிழ்ச்சி" என்று இருந்ததை அம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினார். மீதியை மனசுக்குள்ளேயே படித்தார். தற்காலிகக் கஷ்டத்தை உங்களைப் போன்றவர்கள் சமாளித்துவிடுவீர்கள், உண்மையிலேயே ஆதரவற்ற ஒரு பெண்ணுக்கு அந்த இடத்தைக் கொடுத்திருக்கிறோம் என்று முடிந்திருந்தது. இரண்டு மனுவும் ஒரே கையெழுத்து. கேட்டது கேட்டபடி இரண்டுக்கும் கிடைத்துவிட்டது, எங்களுக்கு ரெஸ்பெக்டபிள் என்ற பெயர், மீன்காரம்மா மகளுக்குப் படிப்பு.

அக்கா அழவில்லை. ராத்திரி சாப்பாடானதும் என்னிடம் மட்டும் கேட்டாள், "உன்னை ஏதாவது கேட்டாங்களா?" நான் சொன்னேன். பிரெட் அண்ட் எக் என்று சொன்னதையும் சொன்னேன். அவள் என் தலையைத் தடவி, "சரி விடு, சொல்லிக் கொடுத்ததைத்தானே சொன்னே" என்றாள். என்னை ஒரு அறை அறைந்திருக்கலாம்.

மறுநாள் காலையில் அப்பாவிடம் போய் நின்றாள். "அப்பா, நேர்ல போய் ஒரு தடவை சொல்லுங்க. மெஷின் வித்ததைச் சொல்லுங்க. மதர் நல்லவங்க, கேப்பாங்க. எனக்காகப்பா." காலில் விழுகிற மாதிரி குனிந்துவிட்டாள். அப்பா அவளைத் தூக்கி நிறுத்திவிட்டு, கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். அம்மா அவசரமாக மசி பூசினாள். ஏனோ என்னையும் கூட்டிப் போனார். தனியாகப் போகப் பயந்திருப்பார்.

கான்வென்டில் பார்வையாளர் அறையின் செந்தரையில் மெழுகு வாசனை வரும், முகம் பார்க்கலாம். அப்பா நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். மசி இன்னும் காயவில்லை, நாற்காலிக் கையில் பட்டுவிடப் போகிறதென்று இரண்டு கைகளையும் மடிமேலேயே வைத்திருந்தார். மதர் வந்தார்கள். "யெஸ், மாஸ்டர்?" என்றார்கள், அன்பாகத்தான்.

அப்பா எழுந்து நின்றார். வாயைத் திறந்தார். அத்தனை வார்த்தை தெரிந்த மனிதருக்கு ஒரு வார்த்தை வரவில்லை. நான் கீழேயிருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லிடுங்கப்பா, சொல்லிடுங்கப்பா என்று மனசுக்குள் ஜெபம் மாதிரி சொன்னேன்.

"ஐ கேம் டு தேங்க் யூ, மதர்" என்றார் அப்பா. "ஃபார் யுவர் கைண்ட் லெட்டர்."

மதருக்குச் சந்தோஷம். எனக்கு ஒரு மாதா படம் கொடுத்தார்கள். அவ்வளவுதான், வெளியே வந்துவிட்டோம். வாசலில் பூவரச மரத்தடியில் அப்பா நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டார். கன்னத்தில் மசி ஒட்டிக்கொண்டது. "வீட்ல எதுவும் சொல்லாத கண்ணு. நான் சொல்லிக்கறேன்" என்றார். நான் தலையாட்டினேன்.

வீட்டுப் படியிலேயே அக்கா காத்துக்கொண்டிருந்தாள். "பேசிட்டேம்மா" என்றார் அப்பா. "இந்த வருஷம் கொடுத்தாச்சாம். அடுத்த வருஷம் கட்டாயம் பாக்கறேன்னு மதர் வாக்குக் கொடுத்திருக்காங்க." அக்காவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஓடிப்போய்ப் புத்தகங்களையெல்லாம் எடுத்து, பூச்சி அரிக்காமல் வேப்பிலை வைத்து, பழைய பேப்பரில் சுற்றி, பரணில் ஏற்றினாள். ஒரு வருஷத்துக்குத்தானே என்று பாடிக்கொண்டே செய்தாள்.

அடையாறில் ஒரு பங்களாவில் படுக்கையாகக் கிடந்த கிழவியைப் பார்த்துக்கொள்ளப் பெண் வேண்டுமென்று கேட்டிருந்தார்கள். சாப்பாடு அங்கே. அந்த ஒரு வருஷத்துக்கு அக்காவை அந்த வேலைக்கு அனுப்பினார்கள். 'லேடீஸ் கம்பானியன்' என்று அப்பா தெரு முழுக்கச் சொன்னார். அந்த வீட்டில் அவளை ஆயா என்றுதான் கூப்பிட்டார்கள். வயது பதினைந்து, என் அக்கா ஆயா.

பள்ளிக்கூடம் திறந்த முதல் நாள் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் கிளம்பினோம். கான்வென்ட் கேட்டுக்கு அடுத்த கேட்டு என் பள்ளிக்கூடம். அக்கா அங்கிருந்து அடையாறு பாலம் வரை நடக்கவேண்டும். கேட்டுக்கு வெளியே மீன்காரம்மா மகள் புது யூனிஃபாரத்தில் நின்றிருந்தாள். அக்காவைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அக்காதான் அவள் காலரைச் சரிசெய்துவிட்டு, "மூணாவது பெஞ்ச், ஜன்னல் பக்கம் நான் உக்காரணும்னு நெனச்சிருந்த எடத்துல உக்காரு. மழை வந்தா சாரல் அடிக்கும், புக்கை உள்ள தள்ளி வச்சுக்க. ஆல்ஜீப்ரா நடத்தறதையெல்லாம் தனி நோட்டுல எழுதி வை, ஞாயித்துக்கிழமை வாங்கிக்கறேன்" என்றாள்.

"நீ எப்பப் படிக்க வருவே?"

"அடுத்த வருஷம். மதரே அப்பாகிட்ட வாக்குக் கொடுத்திருக்காங்க" என்றாள் அக்கா. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். "நீயும்தானே கூடப் போனே? இவளுக்குச் சொல்லு."

நான் தலையாட்டினேன்.

அதற்குப் பிறகு அக்கா ஐம்பத்திரண்டு வருஷம் உயிரோடிருந்தாள். யார் யார் வீட்டிலோ, யார் யார் படுக்கைக்கோ பக்கத்தில் இருந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தாள். மதர் ஏன் அந்த வாக்கை மறந்துபோனார்கள் என்று என்னிடம் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும், வெள்ளைக்காரங்க அப்படித்தான் என்று சொன்னேன்.